சுண்ணாம்பாற்றுக்கு எந்தப் படகு?

படகின் பின்னால் எழும் அலையில், கயிறு எதையும் பிடிக்காமல், ஒரு சின்னப் பலகை மேல் நின்றுகொண்டு வருகிறார் ஒருவர். கையில் டீ கிளாஸ் கொடுத்தால்கூடச் சிந்தாமல் குடித்துவிடுவார் போலிருக்கிறது! வேக்சர்ஃபிங் வீடியோ ஒன்றைப் பார்த்த எவருக்கும் அடுத்த நிமிடம் தோன்றுவது, "இதைப் புதுச்சேரியில் செய்தால் என்ன?" என்பதுதான். ஆறு இருக்கிறது, கடல் இருக்கிறது, சனி ஞாயிறு ஆனால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து குவிகிற கூட்டம் இருக்கிறது. நல்ல படகாக ஒன்று வாங்கிவிட்டால் போதும் என்று கணக்குப் போடத் தோன்றும். கோளாறு இந்தக் கணக்கில்தான். எந்தப் படகு என்பது இரண்டாவது கேள்வி. எந்தத் தண்ணீர் என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. புதுச்சேரியில் அந்த முதல் கேள்விக்கே சரியான பதில் கிடைப்பதில்லை.

இருந்தாலும் படகிலிருந்தே ஆரம்பிக்கலாம். படகு புரிந்தால்தான் தண்ணீர் ஏன் முக்கியம் என்பது புரியும்.

வாட்டர் ஸ்கீயிங், வேக்போர்டிங் இரண்டிலும் ஆள் கடைசிவரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகுக்கு வெகு தூரம் பின்னால் வருவார். வேக்சர்ஃபிங்கில் எழுந்து நிற்கும் வரைக்கும்தான் கயிறு, அதுவும் சுமார் 6 மீட்டர். எழுந்தபின் அலையே ஆளைத் தள்ளிக்கொண்டு வரும். கயிற்றைப் படகுக்குள் வீசிவிடலாம். (அந்தக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது மகா ஆபத்து.) படகின் வேகம் மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர், ஊருக்குள் சைக்கிளை அழுத்தி மிதித்தால் வருகிற வேகம். ஆள் நிற்பது படகின் பின்விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில். இந்தத் தூரத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

விழுகிறவர் பின்பக்கமாகத்தான் விழுவார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அலை முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருப்பதால் பலகையோடு படகை நோக்கியே வந்து விழலாம். அங்கே புரொபெல்லர் சுற்றிக்கொண்டிருந்தால்...? அதனால்தான் அவுட்போர்டு மோட்டார் வைத்த படகின் பின்னால் வேக்சர்ஃபிங் கூடவே கூடாது என்பது உலகம் முழுக்க முதல் விதி. இதற்கென்று செய்யப்படும் படகுகளில் பெரும்பாலும் வி-டிரைவ் என்ற அமைப்பு இருக்கும். இன்ஜின் பின்கோடியில் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து கிளம்பும் தண்டு முதலில் முன்பக்கம் போய், ஒரு கியர்பெட்டியில் திரும்பி, அடிப்பக்கத்தின் கீழே பின்னோக்கி வரும். பக்கவாட்டில் பார்த்தால் படுத்துக் கிடக்கும் ஆங்கில 'வி' எழுத்து. புரொபெல்லர் படகின் அடியில், பின்விளிம்புக்கு நன்றாக உள்ளே தள்ளி இருக்கும். வாட்டர் ஸ்கீயிங் படகுகளிலும் புரொபெல்லர் அடியில்தான், ஆனால் அவற்றில் இன்ஜின் நடுவில் இருக்கும். அலை எழாமல் தண்ணீர் தட்டையாக இருக்க வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். வால்வோ பென்டா நிறுவனம் புரொபெல்லரை முன்பக்கம் பார்க்க வைத்த ஃபார்வர்ட் டிரைவ் என்ற அமைப்பையும் கொண்டுவந்திருக்கிறது.

அடுத்தது எடை. காலிப் படகு நல்ல அலை எழுப்பாது. 7 மீட்டர் நீளமுள்ள படகு சும்மாவே இரண்டு, இரண்டரை டன் இருக்கும். அதற்குள் தொட்டிகளிலும் பைகளிலும் தண்ணீரை நிரப்பி இன்னும் ஒன்றிரண்டு டன் ஏற்றுவார்கள். ஒரு லிட்டர் என்பது ஒரு கிலோ, எனவே கணக்கு சுலபம். பழைய முறையில் ஒரு பக்கப் பின்மூலையில் எல்லா எடையையும் வைத்து, படகைச் சாய்த்து ஓட்டி, சாய்ந்த பக்கம் அலை எழுப்பினார்கள். மாலிபு நிறுவனம் 2012-ல் சர்ஃப் கேட் என்ற தகட்டைக் கொண்டுவந்தபின் நிலைமை மாறியது. படகின் இரு பக்கமும் விலகும் தண்ணீர் பின்னால் வந்து ஒன்றோடொன்று மோதிக் குழம்புவதை அந்தத் தகடு ஒரு பக்கம் மட்டும் தாமதப்படுத்தும். எதிர்ப்பக்கம் அலை சுத்தமாக எழும். படகைச் சாய்க்க வேண்டியதில்லை. நாட்டிக், மாஸ்டர்கிராஃப்ட் போன்ற மற்ற நிறுவனங்களும் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்துவிட்டன.

அலையை எந்தப் பக்கம் எழுப்புவது என்பது ஆளைப் பொறுத்தது. இடது காலை முன்னே வைப்பவருக்குப் படகின் இடப்பக்க அலை, வலது காலை முன்னே வைப்பவருக்கு வலப்பக்க அலை. அப்போதுதான் முகம் அலையைப் பார்த்திருக்கும். பின்பக்கம் எடை கூடினால் அலை உயரும், ஆனால் நீளம் குறைந்துவிடும். முன்பக்கம் கொஞ்சம் ஏற்றினால் அலை தாழ்ந்து நீளும். படகில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் இடம் மாறி உட்கார்ந்தாலே பின்னால் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியும்! புதிதாக ஆரம்பிப்பவர்கள் அலை சரியில்லை என்றதும் பின்னால் மூட்டை மூட்டையாக எடை ஏற்றுவார்கள். எடையைப் பரவலாக வைத்துவிட்டு, வேகத்தை அரை அரை கிலோமீட்டராகக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதுதான் சரியான வழி.

ஓடுகிற இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. மெதுவாகப் போகும் படகின் பின்புறம் அது தேங்கும். பின்பலகையில் உட்கார்ந்து கால் நனைப்பதும் அதைப் பிடித்துக்கொண்டு மிதப்பதும் வெளிநாடுகளில் பல உயிர்களை வாங்கியிருக்கின்றன. இன்ஜின் ஓடும்போது அங்கே யாரும் இருக்கக் கூடாது.

இனி புதுச்சேரி. இந்தப் படகுகள் பெரும்பாலும் அமெரிக்க நன்னீர் ஏரிகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. புதிய படகு ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். இறக்குமதி வரி தனி. சுண்ணாம்பாறு கடலோடு கலக்கும் இடத்தில் இருப்பதோ உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரையே தொட்டிகளில் ஏற்றி இறக்க வேண்டும். இன்ஜினுக்குள் நேராக உப்புநீர் போகாமல் தனி நன்னீர்ச் சுற்றில் குளிர்விக்கும் ஏற்பாடு, துருவைத் தாங்கள் வாங்கிக்கொண்டு கரையும் துத்தநாகக் கட்டிகள், ஒவ்வொரு நாளும் ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரால் கழுவுதல் எல்லாம் வேண்டும். முகத்துவாரத்து மணல் தண்ணீர் பம்பை அரித்துத் தின்னும். தொட்டித் தண்ணீரில் இன்னொரு தொல்லையும் உண்டு, ஓர் ஊர்த் தண்ணீரிலுள்ள உயிர்கள் அதிலேறி இன்னோர் ஊருக்குப் போகும். எண்ணூர், பழவேற்காடு பக்கம் மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லும் அந்நியச் சிப்பி இறால் படுகையை மூடிவிட்டதைப் பற்றிச் செய்திகள் வந்தன. அது கப்பல்களின் தொட்டித் தண்ணீரில் வந்திருக்கலாம் என்றே சந்தேகிக்கிறார்கள்.

இவ்வளவு செலவு செய்ய முடியாதவர் கண் அடுத்து எங்கே போகும்? கரையில் நிற்கும் ஃபைபர் படகு மேல்தான். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்து, இந்தக் கரை முழுக்க ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றில் சில அவுட்போர்டு, சில லாங் டெயில். லாங் டெயிலில் புரொபெல்லர் படகுக்கு வெளியே, சரியாக சர்ஃபர் நிற்கும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். வலை வைத்து மீன் பிடிக்கச் செய்த படகில் மணல் மூட்டையைப் பின்மூலையில் அடுக்கி, ஒரு பக்கம் சாய்த்து, மேலே பத்துப் பேரை ஏற்றி ஓட்டுவதை நினைத்தாலே பகீர் என்கிறது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேர் இறந்தார்கள். அது மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த சுற்றுலாப் படகு. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பதிவு கேட்கிறது, பரிசோதனைச் சான்று கேட்கிறது. கேட்டு என்ன? மேல்தளம் கட்டினாலும் மூட்டை அடுக்கினாலும் படகின் சமநிலை மாறிப்போகும் என்பது காகிதத்தில் தெரியாது.

புதுச்சேரிக்கு இந்த அறிவு புதிதல்ல என்பதுதான் வேடிக்கை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நங்கூரம் போட்டன. ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கியவை சலங்குகள். பிரெஞ்சு மொழியிலும் அந்தப் பெயர் 'ஷெலாங்' என்று ஏறிக்கொண்டது. ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. ஐரோப்பியப் படகு உடைகிற அலையில் சலங்கு வளைந்துகொடுத்துக் கரையேறும். இந்தக் கரையின் அலையைப் பார்த்துவிட்டு அதற்கேற்பச் செய்த படகு. இன்றைக்கு நடப்பது தலைகீழ்: வேறெங்கோ ஓர் ஏரிக்குச் செய்த படகை வாங்கிவிட்டு, அதை எங்கே ஓட்டலாம் என்று இடம் தேடுவது.

தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் அளந்து சொன்னது இது. சாதாரண இழுவைப் படகின் அலை 200 அடி தூரத்தில் எந்த அளவுக்கு அடங்குமோ, அந்த அளவுக்கு அடங்க வேக்சர்ஃபிங் படகின் அலைக்கு 500 அடிக்கு மேல் வேண்டும். வெர்மான்ட் மாநிலம் 2024-ல் விதியே போட்டுவிட்டது: கரையிலிருந்து 500 அடி தள்ளி, 20 அடிக்குக் குறையாத ஆழத்தில், குறைந்தது 50 ஏக்கர் தொடர்ச்சியாக இருந்தால்தான் அனுமதி. ஆழம் ஏன் என்றால், பின்பக்கம் அமுங்கி ஓடும் படகின் புரொபெல்லர் தண்ணீரைக் கீழ்நோக்கித் தள்ளி அடிமண்ணைக் கிளறிவிடும்.

இரண்டு கரைக்கும் 500 அடி விட்டால் 1000 அடி, அதாவது 300 மீட்டர் அகலம். நடுவில் படகு ஓடும் தடம் தனி. சங்கராபரணி கடலைச் சேரும் முன் பிரிகிற சுண்ணாம்பாற்றிலோ அரியாங்குப்பம் ஆற்றிலோ இப்படி ஓர் இடத்தைத் தேடிப் பாருங்கள். போதாததற்கு மணல்திட்டுகள். கரையோரம் அலையாத்திச் செடிகள். அவற்றுக்கிடையே கயாக் ஓட்டுபவர்கள், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இறால் பிடிப்பவர்கள், வீச்சுவலை போடுபவர்கள். "சுற்றுலாத் துறையின் படகுக் குழாமில் ஏற்கெனவே ஸ்பீடு போட் ஓடுகிறதே, இது மட்டும் என்ன பாவம் செய்தது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஸ்பீடு போட் வேகம் பிடித்ததும் தண்ணீர் மேல் எழும்பிச் சறுக்கும். அதன் அலை சின்னது. வேக்சர்ஃபிங் படகு எழும்பாமல், அரை வேகத்தில், நாலு டன் எடையோடு உழுதுகொண்டே போகும். மெதுவாகப் போகிற படகு சாது என்று நினைப்பது இங்கே பொருந்தாது. பெரிய அலை எழுப்புவதுதான் அதன் வேலையே.

ஊசுட்டேரி? பெரிய ஏரிதான். ஆழம் குறைவு, தவிர 2008-லேயே புதுச்சேரி அரசு தன் பக்கத்தைச் சரணாலயமாக அறிவித்துவிட்டது. நாரைக்கும் நாமக்கோழிக்கும் நடுவே இரண்டு டன் தண்ணீரை ஏற்றிக்கொண்டு சுற்றலாம் என்று யோசிப்பவரிடம் பேசிப் பயனில்லை.

மிச்சம் கடல். விடியற்காலை நிலக்காற்று அடிக்கும்போது, அலை உடையும் இடத்துக்கு வெளியே ஓரளவு அமைதியான, ஆழமான தண்ணீர் கிடைக்கும். தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து வெளியேறி, வலை போட்டிருக்கும் இடங்களை மீனவப் பஞ்சாயத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு ஓட்டலாம். உண்மையாகவே ஆசை உள்ளவருக்கு இருக்கும் ஒரே வழி இதுதான். கடற்காற்று கிளம்பியதும் ஆட்டம் முடிந்தது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேர ஓட்டத்துக்கு அவ்வளவு விலையுள்ள படகு கட்டுபடியாகுமா என்பதை வாங்குபவர் உட்கார்ந்து கணக்குப் பார்க்கட்டும்.

ஊருக்கு வடக்கே தந்திராயன்குப்பம் செரினிட்டி கடற்கரையில் கடலே இலவசமாக அலை தருகிறது. அங்கே மீனவப் பிள்ளைகளும் வெளியூர்க்காரர்களும் ஒன்றாக அலைச்சறுக்கு பழகுகிறார்கள். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கியது இதே வங்காள விரிகுடா அலையில்தான், பெட்ரோல் அலையில் அல்ல. இந்த இலவச அலைக்கு வேண்டியது மணல். துறைமுகத்துக்காகக் கட்டிய கற்சுவர் வடக்கு நோக்கிப் போகும் மணலைத் தடுத்ததால்தான் புதுச்சேரிக் கரை கல்லாகிப் போனது. 2018-ல் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் கடலுக்குள் செயற்கைத் திட்டு வைத்த பிறகே நகரத்துக் கரையில் கொஞ்சம் மணல் திரும்பியது. பெரிய பணத்தைத் தண்ணீர் விளையாட்டில் போட நினைக்கும் அரசோ தனியாரோ முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

இதற்கு மேலும் சுண்ணாம்பாற்றில் படகு விட்டே தீருவேன் என்பவருக்குச் செலவில்லாத ஒரு பரிசோதனை இருக்கிறது. ஒரு நீளக் கயிற்றில் கல்லைக் கட்டி, 20 அடியில் ஒரு முடிச்சுப் போட்டு, ஏப்ரல் மாதத்தில் நீர் வற்றும் நேரத்தில் துடுப்புப் படகில் போய் ஆற்றின் நடுவே இறக்கிப் பார்க்கலாம். கூடவே ஒரு மீனவரை அழைத்துப் போனால் கயிறு இறங்கும் முன்பே எத்தனை பாகம் என்று சொல்லிவிடுவார்.