பொய் சாட்சி

நீதிமன்றத்தில் பொய் சாட்சி சொன்னால் தண்டனை உண்டு. ஆனால் பொய் சாட்சி சொன்ன ஒரு பெட்டியை நம்பி, மெய் சொன்ன ஒரு பையனை நான் தண்டித்தேன். அந்தக் குற்றத்தைத்தான் இந்த வாரம் நேயர்களிடம் ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

பெட்டியின் பெயர் ஆஸிலாஸ்கோப். மின்னழுத்தம் கணத்துக்குக் கணம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத் திரையிலே கோடாக வரைந்து காட்டும் கருவி. வைத்தியருக்கு இ.ஸி.ஜி. எப்படியோ, மின்சாரம் படிக்கிறவனுக்கு இது அப்படி. எங்கள் பௌதிக ஆய்வுக்கூடத்திலிருப்பது கண்ணாடிக் குழாய்த் திரை கொண்ட பழைய மாடல். ஒரு கல்லூரியார் புதியது வாங்கியபோது எங்களுக்கு இதைத் தானமாகக் கொடுத்தார்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? நானும் பார்க்கவில்லை. பிழை அங்கேதான் ஆரம்பமாயிற்று.

பன்னிரண்டாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ஒரு சிறு சாதனத்தை அமைத்திருந்தான். அப்படி மாற்றிய மின்சாரத்தில் விநாடிக்கு 100 சிற்றலைகள் எஞ்சி நிற்கும். அவற்றை அடக்குவதற்குக் கண்டென்ஸர் வேண்டும். மின்விசிறியில் இருக்கிறதே, அதற்கு உறவுதான்; ஆனால் வகை வேறு. பையன் 1000 மைக்ரோஃபாரட் கண்டென்ஸர் போட்டிருந்தான். எடுக்கும் மின்சாரம் 10 மில்லி ஆம்பியர். கணக்குப்படி சிற்றலை ஏறக்குறைய 0.1 வோல்ட். அவனும் அப்படியே எழுதியிருந்தான். திரையிலோ அதைப்போல் மூன்று மடங்கு தெரிந்தது.

"கண்ணால் காண்பதை எழுது, தம்பி, கணக்கிலே வந்ததைப் பார்த்து எழுதாதே!" என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். மதிப்பெண்ணையும் குறைத்தேன். "என் கணக்கு சரிதான், ஸார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் தலை குனிந்து நின்றான்.

அன்று மாலை பெட்டியை மூடப் போனபோது, அவன் முகம் நினைவுக்கு வந்தது. கருவியின் உள்வாயைப் பூமியோடு இணைக்கும் ஸ்விட்சைத் தள்ளினேன். அந்த நிலையில் வெளியிலிருந்து எதுவும் உள்ளே போக முடியாது; திரையில் நேர்கோடுதான் தெரிய வேண்டும். தெரிந்ததோ அதே அலை! அளவு மாற்றும் குமிழைத் திருகினேன். அலை பெருகவுமில்லை, சிறுக்கவுமில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. அந்த அலையில் பெரும் பகுதி பையனுடையதல்ல, பெட்டியினுடையது.

மறுநாள் பெட்டியைத் திறந்தேன். இங்கே ஓர் எச்சரிக்கை. இப்படிப்பட்ட திரைக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கண்டென்ஸர்களில் அது தங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிக் காத்திருந்து, மிச்சத்தைத் தக்க ரெஸிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரால் சோதித்த பின்பே கை வைக்கலாம். பழக்கமில்லாதவர்கள் திறக்கவே வேண்டாம். மாணாக்கர்களை அருகிலும் விடலாகாது.

முதல் வேலை கண்ணால் பார்ப்பது. போர்டு முழுவதும் தூசு. மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் அதை விலக்கியதும், ஒரு கண்டென்ஸரின் அடியில் பிசுபிசுப்பான கறை. மீன் வாடை வேறு! இவ்வகைக் கண்டென்ஸருக்குள் அலுமினியத் தகடும், ரஸாயன திரவத்தில் ஊறிய காகிதமும் சுருளாக இருக்கும். வருஷக் கணக்கில் சூடு பட்டால் அந்தத் திரவம் உலர்ந்துபோகும், அல்லது கசியும். கசிந்தது சும்மா இருக்காது. போர்டின் மேலுள்ள செம்புத் தடத்தையே அரித்துவிடும். மின்சாரம் வழங்கும் பகுதியிலே கண்டென்ஸர் தளர்ந்ததால், பெட்டி தன் சிற்றலையைத் தானே திரையில் வரைந்திருக்கிறது.

பழைய கண்டென்ஸரைக் கழற்றிவிட்டு, அந்தப் போர்டை மட்டும் தனியே எடுத்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பு சில துளிகள் கலந்த வெந்நீரில் பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவினேன். பிறகு இன்வெர்ட்டருக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் அலசினேன். குழாய்த் தண்ணீரிலுள்ள உப்பு தங்கிவிட்டால் மறுபடியும் உபத்திரவம். கடைசியில் ஐஸோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு பூச்சு. அது ஈரத்தை இழுத்துக்கொண்டு ஆவியாகும். எளிதில் தீப்பற்றும் என்பதையும் மறக்கக் கூடாது. பெயின்ட் தின்னர் கூடவே கூடாது. எழுத்துக்களையும் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும். டிரான்ஸ்பார்மரிலும் ஸ்விட்சுகளிலும் நீர் படலாகாது. இரண்டு நாள் மொட்டை மாடியில் வடாம் தட்டுக்குப் பக்கத்தில் போர்டும் காய்ந்தது. காக்கைகள் இரண்டையும் பார்த்துவிட்டு வடாத்தையே தேர்ந்தெடுத்தன.

மின்சாரக் கருவியைத் தண்ணீரில் கழுவுவதா என்று நேயர்கள் திகைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் 1946-ல் தொடங்கிய டெக்ட்ரானிக்ஸ் கம்பெனியார், பழுது பார்க்க வந்த ஆஸிலாஸ்கோப்புகளைச் சோப்பு நீரால் கழுவி, மிதமான சூட்டில் உலர்த்தியே வேலையைத் தொடங்கினார்கள். அவர்களுடைய பழைய கருவிகள் பலவற்றுள் வெள்ளி கலந்த ஈயக் கம்பி ஒரு சிறு சுருளாக வைக்கப்பட்டிருக்கும். பின்னொரு நாள் யாரோ ஒருவன் இதைத் திறந்து பற்றவைப்பான் என்று செய்தவர்களே எதிர்பார்த்தார்கள்!

கழுவிய பின் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். அரிக்கப்பட்ட தடத்துக்கு மெல்லிய கம்பியால் பாலம் போட்டேன். ஈயம் பற்றிய ஓரிடத்தில் மயிரிழை போன்ற வளைய வெடிப்பு. அதையும் புதிதாகப் பற்றவைத்தேன். சென்னை ரிச்சித் தெருவில் வாங்கிய புதுக் கண்டென்ஸரை, கூட்டல் கழித்தல் முனை மாறாமல் பொருத்தினேன்; மாறினால் வெடிக்கும். ஆத்திரப்பட்டு எல்லாவற்றையும் மாற்றவில்லை. ஒன்றை மாற்று, சோதித்துப் பார், குறித்து வை. இந்த வரிசையை விட்டவன் பழைய பழுதோடு புதுப் பழுதையும் சேர்த்துக்கொள்வான். மின்சாரம் கொடுத்ததும், மற்ற இடங்களைத் தொடுமுன், வழங்கு மின்னழுத்தத்தை மீட்டரால் அளந்தேன். சரியாக இருந்தது. திரையில் கோடு நூல் பிடித்தாற்போல் நின்றது.

அடுத்த வகுப்பில் அந்தப் பையனை அழைத்து, அவனுடைய பழைய சாதனத்தையே மறுபடியும் இணைக்கச் சொன்னேன். 0.1 வோல்ட்.

"கணக்கு உன்னுடையது சரி, கருவியைச் சோதிக்காமல் உன்னைச் சோதித்தது என் தவறு" என்று, கடிந்துகொண்ட அதே வகுப்பின் முன்னால் சொன்னேன். மதிப்பெண்ணைத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்பொழுதெல்லாம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதல் வேலை, ஸ்விட்சைத் தள்ளி நேர்கோடு தெரிகிறதா என்று பார்ப்பது. அதைச் செய்யாமல் நான் ஏதாவது சொல்லத் தொடங்கினால், பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வருகிறது: "ஸார், முதலில் பெட்டியை விசாரியுங்கள்!"