மெம்பர் என்றால் யார்?

ரேஷன் கடையில் "கார்டுல எத்தனை மெம்பர்?" என்று கேட்பார்கள். ஷேர் ஆட்டோவில் "இன்னும் ஒரு மெம்பர் வந்தா கிளம்பிடலாம்" என்பார்கள். இங்கெல்லாம் மெம்பர் என்றால் வெறும் தலை எண்ணிக்கை. கம்பெனி சட்டத்திலோ பங்குதாரர்தான் மெம்பர். லத்தீன் மூலத்தில் இதற்கு உடல் உறுப்பு என்று பொருள். நம் 'உறுப்பினர்' கூட அப்படிப் பிறந்த சொல்தான்!

ஆனால் உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் 'மெம்பர்' என்று மொட்டையாகச் சொன்னால் அது வார்டு மெம்பர் மட்டுமே. குழப்பமும் இங்கேதான்...

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கி 2016ல் சட்டம் திருத்தப்பட்டது. ஓட்டு வாங்கி ஜெயிப்பவர் மனைவி. டீக்கடையில் "வாங்க மெம்பர்" என்ற மரியாதை பல ஊர்களில் கணவருக்கு. ஜெயித்தவர் 'மெம்பர் சம்சாரம்' ஆகிவிடுகிறார்!

உத்திரமேரூர் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. வயது சுமார் 1100 வருடம். நிலமில்லாதவருக்கு அந்த சபையில் இடமில்லை, அது பெரிய குறை. ஆனால் ஒரு விதியைப் பாருங்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் போடக்கூடாது.

அன்று ஒருவர் கணக்குக் காட்டாவிட்டால் உறவினருக்கும் பதவி கிடையாது. இன்று கணக்குக் காட்ட வேண்டியவர் மனைவி, பட்டம் கணவருக்கு. ஓட்டு யாருக்குப் போட்டோமோ அவரை 'மெம்பர்' என்று கூப்பிடுவோம். அதற்குச் சட்டம்கூடத் தேவையில்லை, வாய் போதும்.