வைரஸ் மருந்து வாங்குமுன் கேட்கவேண்டியவை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கங்களில் இயந்திரசாலைகள் பெருகியபோதிலும், அவற்றின் இடையிலுள்ள கிராமங்களில் கறவை மாடுகளை நம்பி ஜீவிக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அத்தகைய கிராமமொன்றில் ஒரு குடியானவர், தோல் கழலை நோய் கண்ட தம் பசுவுக்கு வாங்கிய புட்டியை என்னிடம் காட்டினார். "ஆராய்ச்சிச்சாலையில் வைரஸைக் கொல்வதாக நிரூபிக்கப்பட்டது" என்று அதன்மேல் அச்சிட்டிருந்தது. பசு பிழைக்கவில்லை. அவ்வாக்கியத்தின் பொருளை நம்மவர் அறிந்திருத்தல் அவசியம் என்பது என் அபிப்பிராயம்.

இதற்குப் பூனையின் நோயொன்று தக்க உதாரணமாகும். கொரோனா வைரஸினால் பூனைகளுக்கு உண்டாகும் வயிற்று உட்சவ்வு நோய், முன்னாளில் பெரும்பாலும் மரணத்திலேயே முடிந்தது. அதற்கு மருந்து தேடுவோர், பூனையின் சிறுநீரக உயிரணுக்களைச் சிறு குழிகளுள்ள தட்டில் வளர்ப்பர், மருந்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து குழிதோறும் இடுவர், வைரஸையும் சேர்ப்பர். சில தினங்களுக்குப்பின் எவ்வளவு உயிரணுக்கள் பிழைத்தன என்பதைச் சாயத்தின் மூலம் அளப்பர். வைரஸின் வேலையைப் பாதியாகக் குறைக்கும் அளவு ஒன்று. உயிரணுக்களில் பாதியைக் கொல்லும் அளவு மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே மிகுந்த தூரம் இருத்தல் வேண்டும். வெளுப்புத் தூளும் வைரஸைக் கொல்லும். அதனைப் பசுவுக்குப் புகட்டுவார் உண்டோ?

தட்டில் வென்றதும் காரியம் முடிந்துவிடாது. கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் கலாசாலையில் டாக்டர் நீல்ஸ் பெடர்ஸன் முதலியோர், ஜி.சி. 376 என்ற மருந்தை 20 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். இரண்டு வாரங்களுக்குள் 19 பூனைகள் தேறியதாகவே தோன்றின. ஆயினும் பலவற்றுக்கு நோய் திரும்பிற்று. 2018-ல் முடிவை வெளியிட்டபோது 7 மட்டுமே நோயின்றி இருந்தன. அடுத்து ஜி.எஸ். 441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்தனர். 5 பூனைகள் பிழைக்கவில்லை. 26 பூனைகள் 12 வாரச் சிகிச்சையை முடித்தன என்று 2019-ல் அறிவித்தனர். தோல்வியையும் மறையாது எண்ணிச் சொன்னமையாலேயே அவர்கள் சொல் நம்பத்தக்கதாயிற்று.

ஒரகடத்தில் மோட்டார் வண்டியின் ஓர் உறுப்பும் சோதியாமல் வெளியேறுவதில்லை. பசுவின் வாயில் இடும் மருந்துக்கு மட்டும் அச்சிட்ட ஒரு வரி போதுமோ? மேற்சொன்ன இரண்டு அளவுகளையும், எத்தனை மாடுகளுக்குக் கொடுத்து எத்தனை பிழைத்தன என்பதையும் புட்டியுடன் தெரிவிக்கவேண்டுமென்று சர்க்கார் விதித்தல் நலம்.

அதுவரை குடியானவர்கள் விற்பவரிடம் அக்கேள்விகளையே கேட்பாராக. பதிலில்லையேல் பணத்தை முடிச்சிலேயே வைத்துக்கொள்க. வைரஸ் நோய்களுக்கு வருமுன் காப்பதே நம் கைக்கெட்டிய வழி. ராணிப்பேட்டையில் 1932-ல் ஏற்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் நமக்குத் தொலைவிலில்லை. கோமாரிக்குக் காலந்தவறாமல் ஊசி போடுவித்தலும், தோல் கழலை கண்ட மாட்டைத் தனியே கட்டி ஈக்கடியினின்று காத்தலும், கால்நடை மருத்துவருக்கு அன்றே சொல்லியனுப்புதலும் குடியானவர் கடமை. அச்செய்தி தாமதமின்றிச் சேரும்படி பார்த்துக்கொள்வது கிராம அதிகாரிகளின் பொறுப்பாகும்.

— ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர்