பெற்றோர் அறிய வேண்டாமா?

2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி. தலைநகர் தில்லியிலும் அதையொட்டிய நகரங்களிலும் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அதிகாலையில் வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. சில பள்ளிகள் உடனே பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லக் கேட்டுக்கொண்டன. வேறு பல பெற்றோர் தொலைக்காட்சியைப் பார்த்தும் அண்டை வீட்டார் சொல்லியும் அலுவலகங்களிலிருந்து அலறியடித்துக்கொண்டு ஓடினர். மிரட்டல் பொய்யானது என்று உள்துறை அமைச்சகம் அன்றே அறிவித்தது. ஆனாலும், சில பள்ளிகளில் சந்தேகத்துக்கிடமான பொருள்கள் கிடைத்ததாக வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகள் பரவின. அவை உண்மையல்ல என்று தில்லி காவல்துறை விளக்கம் அளிக்க நேர்ந்தது.

பள்ளி பேசாத இடத்தில் வதந்தி பேசும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. பள்ளி வளாகத்தில் குழந்தைக்கு ஆபத்து நேர்ந்தால் அல்லது நேரவிருந்தால், அதைப் பெற்றோருக்கு யார், எப்போது, எப்படித் தெரிவிப்பது? இந்தக் கேள்விக்கு இந்தியப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றிடம் தெளிவான விடை கிடையாது. தெரிவிப்பதும் தெரிவிக்காததும் நிர்வாகத்தின் விருப்பத்தையே சார்ந்திருக்கிறது.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் மகாராஷ்டிர மாநிலம் தாணே மாவட்டத்தின் பத்லாபூரில் நடந்தது இன்னும் வேதனைக்குரியது. மழலையர் வகுப்பில் படித்த நான்கு வயதுச் சிறுமியர் இருவர், பள்ளி ஊழியர் ஒருவரால் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகப் புகார் எழுந்தது. பெற்றோருக்குச் செய்தி பள்ளியிலிருந்து வரவில்லை. குழந்தையின் வாயிலிருந்தே வந்தது. காவல்நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யவும் பல மணி நேரம் தாமதமானது. ஆகஸ்ட் 20-ஆம் தேதி ஊரே திரண்டு ரயில் மறியலில் இறங்கிய பிறகுதான் நாடு இதைக் கவனித்தது. மும்பை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, பள்ளி ஏன் புகார் தெரிவிக்கவில்லை என்று கேட்டது. தகவல் தெரிவிக்கத் தவறியதற்காகப் பள்ளி நிர்வாகிகள் மீதும் வழக்குத் தொடரப்பட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தனக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் தெரிவிக்கத் தவறினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க 21-ஆவது பிரிவு வகை செய்கிறது. 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மத்திய கல்வி அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுறுத்தலில், ஆபத்தான சூழலையும் மயிரிழையில் தப்பிய விபத்தையும்கூட 24 மணி நேரத்துக்குள் உரிய மாநில அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது.

இவற்றின் திசையைக் கவனிக்க வேண்டும். பள்ளியிலிருந்து காவல்நிலையத்துக்கு, பள்ளியிலிருந்து அதிகாரிக்கு என்று தகவல் மேல்நோக்கியே செல்கிறது. அதே வகுப்பறையில் பிள்ளையை உட்கார வைத்திருக்கும் மற்ற பெற்றோருக்கு இத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று போக்சோ சட்டமும் விதிக்கவில்லை, கல்வி உரிமைச் சட்டமும் விதிக்கவில்லை.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பெற்றோரை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆசிரியர்கள் பெற்றோரைத் தவறாமல் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கல்வி முன்னேற்றம், தொடர்புடைய பிற தகவல்கள் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்று 24-ஆவது பிரிவு கடமை விதிக்கிறது. பாதுகாப்பு என்ற சொல் மட்டும் அங்கே இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது 21-ஆவது பிரிவு. ஆனால், அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு அந்தக் குழு கட்டாயமில்லை.

பள்ளிகள் ஏன் வாய் திறப்பதில்லை? தனியார் பள்ளிக்கு அச்சம் பெயரைப் பற்றியது. செய்தி வெளியே போனால் அடுத்த ஆண்டு மாணவர் சேர்க்கை குறையும் என்ற கணக்கு. அரசுப் பள்ளித் தலைமையாசிரியருக்கு அச்சம் வேறு. விபத்து நேர்ந்தால் முதல் நடவடிக்கை பணியிடை நீக்கம்தான் என்பது அவருக்குத் தெரியும். 2025 ஜூலை 25-ஆம் தேதி ராஜஸ்தான் மாநிலம் ஜாலாவாட் மாவட்டம் பிப்லோதி கிராமத்தில் அரசுப் பள்ளிக் கட்டடம் இடிந்து ஏழு குழந்தைகள் இறந்தனர். கற்கள் உதிர்வதை முன்னதாகவே ஆசிரியர்களிடம் சொன்னதாக உயிர் தப்பிய மாணவர்கள் கூறினர். அந்த எச்சரிக்கை அன்று காலை ஊருக்குள் போயிருந்தால், எந்தத் தாயும் தன் பிள்ளையை அந்தக் கூரைக்கடியில் உட்கார விட்டிருக்கமாட்டாள். பிறகு நடந்தது வழக்கமானதே. பள்ளி ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். உண்மையைச் சொன்னாலும் தண்டனை, மறைத்தாலும் தண்டனை என்றால், மறைத்துப் பார்ப்போம் என்று நினைப்பது மனித இயல்பு. எனவே, தானாக முன்வந்து சொல்லும் பள்ளிக்குப் பாதுகாப்பும், மறைக்கும் பள்ளிக்குக் கடும் தண்டனையும் என்று அரசின் அணுகுமுறை மாற வேண்டும்.

குழந்தையின் அடையாளத்தைக் காக்கவே மௌனம் காக்கிறோம் என்று நிர்வாகங்கள் கூறுவதுண்டு. போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவும் தடுப்பது அடையாளத்தை வெளியிடுவதைத்தான். ஒரு சம்பவம் நடந்தது, காவல்துறைக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டது, தொடர்புடைய ஊழியர் பணியிலிருந்து விலக்கப்பட்டுவிட்டார், மற்ற குழந்தைகளுக்காக இன்னின்ன ஏற்பாடுகள் செய்யப்பட்டுள்ளன என்று பெயரும் வகுப்பும் குறிப்பிடாமல் சொல்ல எந்தச் சட்டமும் தடையில்லை. பாதிக்கப்பட்ட குழந்தைக்குக் கேடயமாகத் தரப்பட்ட விதியை நிர்வாகம் தனக்குத் திரையாகப் பிடித்துக்கொள்வது முறையல்ல.

அதேவேளையில், அவசரப்பட்டு முடிவுகளை அறிவிப்பதும் பள்ளியின் வேலையன்று. 2017 செப்டம்பர் 8-ஆம் தேதி குருகிராமில் ஏழு வயதுச் சிறுவன் பள்ளிக் கழிவறையில் கொல்லப்பட்டபோது, பேருந்து நடத்துநரே குற்றவாளி என்று ஹரியாணா காவல்துறை அறிவித்தது. இரண்டு மாதங்களுக்குப் பிறகு சிபிஐ விசாரணை வேறு திசையில் சென்றது. அதே பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் பிடிக்கப்பட்டார். நடத்துநரை 2018-இல் நீதிமன்றம் விடுவித்தது. தெரிந்ததைச் சொல்வது, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வது, அடுத்த தகவல் எப்போது வரும் என்று கூறுவது ஆகிய மூன்றுமே பொறுப்பான அறிவிப்பின் இலக்கணம்.

யாருக்கு, எந்த மொழியில் என்பதும் முக்கியம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளின் தொடக்கநிலை வகுப்பில் 25 சதவீத இடங்கள் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு உரியவை. தில்லியில் அக்குழந்தைகளின் பெற்றோரில் வீட்டுவேலை செய்பவர்களும் ரிக்ஷா ஓட்டுபவர்களும் உண்டு. செல்பேசிச் செயலியில் ஆங்கிலத்தில் அனுப்பப்படும் சுற்றறிக்கை அவர்களுக்குச் சென்று சேர்ந்ததாகக் கருத முடியுமா? ஒரு தொலைபேசி அழைப்பும், வாயிலில் அவர்கள் மொழியில் எழுதி வைக்கப்படும் ஓர் அறிவிப்பும் அந்தச் செயலியைவிடப் பயன் தரும்.

குருகிராம் கொலையை அடுத்து உச்சநீதிமன்றம் காட்டிய வழியில், பள்ளிப் பாதுகாப்புக்கு நிர்வாகத்தைப் பொறுப்பாக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய கல்வி அமைச்சகம் 2021-இல் வெளியிட்டது. அவை ஆலோசனைத் தன்மை கொண்டவை. அவற்றைச் செயல்படுத்துமாறு மாநிலங்களுக்கு உச்சநீதிமன்றமே 2024 செப்டம்பரில் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. ஆலோசனை போதாது என்பதற்கு இதுவே அத்தாட்சி. கல்வி பொதுப்பட்டியலில் இருப்பதால் மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே செயல்பட முடியும். கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவில் பாதுகாப்பு என்ற சொல்லைச் சேர்ப்பது, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெற்றோருக்கு உடனடியாகவும் ஏனைய பெற்றோருக்கு அன்று மாலைக்குள்ளும் எழுத்துமூலம் தகவல் தருவதைப் பள்ளி அங்கீகாரத்தின் நிபந்தனையாக்குவது, பெற்றோர் குழுவைத் தனியார் பள்ளிகளுக்கும் கட்டாயமாக்குவது ஆகியவற்றுக்குப் பெரும் செலவு ஏதுமில்லை.

கும்பகோணத்தில் 2004-ஆம் ஆண்டு 94 குழந்தைகள் தீயில் கருகிய பிறகு தொடரப்பட்ட பொதுநல வழக்கில், பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையின் அங்கமே என்று உச்சநீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. பள்ளி பாதுகாப்பாக இருக்கிறதா என்பதை அறியாத பெற்றோருக்கு அந்த உரிமை ஏட்டளவில்தான் இருக்கும். காலையில் பிள்ளையை வாயிலில் விட்டுச் செல்லும் பெற்றோர், பள்ளியை நம்பித்தான் விட்டுச் செல்கிறார்கள். மாலையில் அவர்களிடம் உண்மையைச் சொல்வது பள்ளி காட்டும் சலுகையல்ல, அதன் கடமை.