விற்றது போக மிஞ்சுவதா வீட்டுக்குப் பருப்பு?

புரட்டாசி பிறந்தால் தஞ்சைத் தரணியில் பல வீடுகளில் மீனும் முட்டையும் நின்றுவிடும். வாய்க்கால் மீன், வயல் நண்டு, நத்தை உண்பவர்களும் அம்மாதம் அவற்றை ஒதுக்கி வைப்பர். சனிக்கிழமை விரதம் வேறு. ஆனால் குறுவை அறுவடையும் சம்பா நடவும் கூடி வருவதும் இந்தச் சமயத்தில்தான். உடலுழைப்பு மிகுந்த நாட்களில் சோறும் ரசமும் ஊறுகாயுமாகப் பொழுது கழிகிறது. சைவ உணவில் குறையில்லை. புலால் போன இடத்துக்குப் பருப்பு வராததுதான் குறை.

100 கிராம் அரிசியில் புரதம் 7 முதல் 8 கிராம்தான். அதே அளவு உளுந்திலோ பாசிப்பயற்றிலோ சுமார் 23 கிராம் இருக்கிறது. மேலும், அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற சத்து பயறு வகைகளில் தாராளமாக உண்டு. ஆகவே இரண்டும் சேரும்போதுதான் உணவு நிறைவு பெறுகிறது. இட்லியும் வெண்பொங்கலும் இந்தச் சேர்க்கையே.

உளுந்துக்கு டெல்டா விவசாயி எங்கும் போக வேண்டியதில்லை. தை மாதத்தில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, ஈரம் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது ஆடுதுறை 3 போன்ற ரகத்தைத் தெளித்துவிட்டால் போதும். உழவில்லை, பாய்ச்சலில்லை, பனியும் எஞ்சிய ஈரமுமே பயிரைக் காப்பாற்றும். வேதனை என்னவென்றால், களத்தில் தட்டிய உளுந்து கடைசி மணி வரை வியாபாரியின் சாக்குக்குப் போகிறது. விளைவித்தவரே புரட்டாசியில் கடையில் 100 கிராம், 200 கிராமாக வாங்குகிறார்.

கணக்கைப் பார்ப்போம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, சைவ உணவு உண்பவருக்கு நாளொன்றுக்கு 85 கிராம் பயறு, பருப்பு வேண்டும் என்கிறது. ஆளுக்கு 50 கிராம் என்று குறைத்துக்கொண்டாலும், 4 பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 200 கிராம், ஆண்டுக்கு 73 கிலோ. ரேஷனில் மாதம் கிடைக்கும் 1 கிலோ துவரம்பருப்பு ஐந்து நாளைக்குத்தான் வரும்.

அறுவடை நேரத்தில் கடன்காரர் வாசலில் நிற்கும்போது உளுந்தை எப்படி நிறுத்தி வைப்பது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. முழுதும் முடியாவிட்டால் அரை மூட்டையாவது எடுத்து வைத்த பிறகே தராசைத் தொட வேண்டும். நன்றாகக் காயவைத்துப் பருப்பாக உடைத்து வைத்தால் வண்டு அதிகம் அண்டாது. குறுவை நடவின்போது வரப்பில் உளுந்து ஊன்றினால் புரட்டாசிக்குள் காய்த்துவிடும். அதை வீட்டுக்கென்றே விட்டுவிடலாம்.

விரதத்துக்கும் முன்னோர் வழி வைத்திருக்கிறார்கள். ஏகாதசிக்கு மறுநாள் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்து உண்பது வழக்கம். நெல்லியின் புளிப்பு, கீரையின் இரும்புச் சத்து உடலில் சேரத் துணை செய்யும். சாப்பிட்ட கையோடு காபி, தேநீர் குடித்தால் அந்தச் சத்து வீணாகும்; ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது. நவராத்திரிச் சுண்டலும் ஒன்பது நாளோடு நின்றுபோக வேண்டியதில்லை. பி12 என்னும் வைட்டமின் காய்கறியில் கிடையாது. பால், தயிர், மோரில் உண்டு. கறவை மாடு உள்ள வீடுகள் பால் முழுவதையும் சொசைட்டிக்கு ஊற்றிவிடாமல் ஆழாக்கேனும் குழந்தைகளுக்கு நிறுத்த வேண்டும். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடப்பது கூடாது.

விதைக்கென்று நெல்லை ஒதுக்கி வைத்த பிறகே விற்பது விவசாயியின் பழக்கம். வயலுக்குக் காட்டும் அந்த அக்கறையை வயிற்றுக்கும் காட்டினால், விரதமும் நிறைவேறும், நடவும் தடைப்படாது.