சிவப்புத் தட்டின் சரித்திரம்

பழைய நாணயம் சேர்ப்பவர் உண்டு. தபால் தலை சேர்ப்பவர் உண்டு. அமெரிக்காவிலோ, பாட்டிமார் காலத்துச் சாப்பாட்டுத் தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்ப்போர் ஒரு தனிக் கூட்டம். அவர்களிற் பலர் நாடுவது ‘ஃபியஸ்டா’ என்னும் பீங்கான் வகை. ஸ்பானிய மொழியில் அதற்குத் திருவிழா என்று பொருள்.

மேற்கு வர்ஜீனியாவில் நியூவெல் என்ற ஊரிலுள்ள ஹோமர் லாஃப்லின் கம்பெனியார் 1936-இல் இதை வெளியிட்டனர். வடிவம் அமைத்தவர் இங்கிலாந்தில் பிறந்த ஃப்ரெடரிக் ரீட். பொருளாதார மந்தத்தால் குடும்பங்கள் சிக்கனம் பார்த்த காலம் அது. பூவும் கொடியும் தீட்டிய தட்டுகளில் ஒன்று உடைந்தால் அதற்கு இணை தேடி அலைய வேண்டும். ஃபியஸ்டாவிலோ சித்திரமே இல்லை. வட்ட வரைகளும் ஒரே வர்ணமுமே அலங்காரம். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, தந்த வெண்மை என்ற ஐந்து நிறங்களில் எதையும் எதனோடும் சேர்க்கலாம்; தனித்தனியாகவும் வாங்கலாம். எளிய வீட்டு மேஜையும் இதனால் வர்ணஜாலம் பெற்றது.

இவற்றுள் சிவப்புக்கே விலை அதிகம். ஆரஞ்சுப் பழத்தை நிகர்த்த அந்தச் செம்மை எதனால் வந்தது? மெருகுப் பூச்சிற் கலந்த யுரேனிய ஆக்ஸைடினால்! 1943-இல் சிவப்புத் தட்டு திடீரென்று மறைந்தது. அணுகுண்டு முயற்சிக்காக அமெரிக்க சர்க்கார் யுரேனியத்தைத் தம் வசமாக்கிக்கொண்டதே காரணம். தட்டின் நிறத்துக்கும், 1945-இல் ஹிரோஷிமாவை எரித்த நெருப்புக்கும் மூலப்பொருள் ஒன்றே.

1959-இல் சிவப்பு திரும்பி வந்தது. அணுப்பிளவுக்கு உரிய பகுதி பெரும்பாலும் பிரித்தெடுக்கப்பட்ட யுரேனியத்தை அப்போது உபயோகித்தார்கள். 1973-இல் அந்த வகையே நின்று, 1986-இல் யுரேனியம் இல்லாத மெருகோடு மறுபடி பிறந்தது.

ஆகவே, பழைய சிவப்புத் தட்டு அகப்பட்டால் அலமாரியில் வைத்துப் பார்க்கலாம், அதில் உண்ணலாகாது. புளிப்புப் பதார்த்தம் மெருகிலுள்ள யுரேனியத்தைக் கரைத்து உணவிற் சேர்த்துவிடும். விளிம்பு உதிர்ந்த தட்டிலோ அபாயம் இன்னும் அதிகம். அமெரிக்க சர்க்காரின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகாவே இவற்றை உணவுக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரிக்கிறது. பெயர் திருவிழா, விருந்திலோ இடமில்லை!

விலை பேசுகிறவர் நிறத்தின் அழகைப் பார்ப்பார். அந்த நிறம் பதினாறு வருஷம் எங்கே போயிருந்தது என்று கேட்பவருக்கே, தட்டோடு அதன் சரித்திரமும் கைக்கு வந்து சேரும்.