கல்யாணத்தைப் படம் பிடிங்க, சபையை மறைக்காதீங்க



கொஞ்சம் நீளமான பதிவு. கார்த்திகை முகூர்த்தங்கள் நெருங்குது, அதுக்கு முன்னாடியே சொல்லிடணும்னு தோணுச்சு. இது ஆலய நிர்வாகத்தின் அறிவிப்பு இல்லை. கல்யாண நாள்ல நாற்காலி அடுக்கி, விளக்குக்கு எண்ணெய் ஊத்தி, வாசல்ல செருப்பை ஒழுங்குபடுத்துற ஒரு தொண்டனோட சொந்தக் கருத்து. படம் பிடிக்கிற தம்பிமார்களும் இதைப் படிப்பீங்க. உங்க தொழிலைக் குறை சொல்ல எழுதலை. கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டுங்க.

போன வருஷம் கார்த்திகைக் கடைசியில நம்ம கோயில்ல ஒரு கல்யாணம். விடியற்காலையிலிருந்து மழை. பொண்ணோட பாட்டி எண்பதைத் தாண்டினவங்க. சுங்கை ஊடாங் பக்கத்துல ஒரு தோட்டத்துல பால்மரம் வெட்டியே பிள்ளைகளை வளர்த்தவங்க. சக்கர நாற்காலியில வந்தாங்க. மழையில நனையாம குடை பிடிச்சுக் கூட்டிட்டு வந்து, முன் வரிசையில மணவறைக்கு நேரா உட்கார வச்சது நான்தான்.

கெட்டிமேளம் கொட்டினாங்க. அந்த நொடியில மணவறைக்கு முன்னால ரெண்டு போட்டோக்காரர், ரெண்டு வீடியோக்காரர், விளக்கைத் தூக்கிப் பிடிக்க ஒரு பையன், கையில போனோட மாமன் மச்சான் ஏழெட்டுப் பேர். பாட்டி கையில அட்சதை. என் சட்டையைப் பிடிச்சு இழுத்துக் கேட்டாங்க: “தம்பி, கட்டியாச்சாப்பா?”

மணவறை ஆறடி தூரத்துல இருக்கு. பாட்டி கண்ணுக்குத் தெரிஞ்சது ஒரு கறுப்புச் சட்டை முதுகு மட்டும்தான். “கட்டியாச்சு பாட்டி, போடுங்க”ன்னு சொன்னேன். உண்மையைச் சொன்னா நானும் பார்க்கலை. மேளச் சத்தம் ஏறினதை வச்சுச் சொன்னேன். பாட்டி போட்ட அட்சதை அந்தக் கறுப்புச் சட்டை மேலதான் விழுந்துச்சு.

சில மாசம் கழிச்சு வீடியோ வந்திருக்கு. வீட்டுல பெரிய டிவியில போட்டுக் காட்டியிருக்காங்க. அந்தப் பொண்ணே கோயில்ல என்கிட்ட வருத்தமாச் சொன்னாங்க: பாட்டி முழுசாப் பார்த்துட்டு, “நல்லா இருக்கு. நான் எங்க இருக்கேன்?”னு கேட்டாங்களாம். தேடிப் பார்த்திருக்காங்க. ஆசீர்வாதம் வாங்குற இடத்துல மட்டும் பாட்டியோட கை தெரியுதாம். முகம் இல்லை.

அதிலிருந்துதான் எனக்கு இந்த யோசனை ஓடிக்கிட்டே இருக்கு.

வருஷக் கடைசியில ஏன் இந்தத் தொல்லை கூடுதலா இருக்குன்னு முதல்ல சொல்றேன். பெரியவங்க கணக்குப்படி ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம், மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மலாக்காவில் பனி ஏது? நமக்குக் குளிர்காலம்னா மழைதான். டிசம்பர் நடுவுல மார்கழி பிறந்துட்டா கல்யாணம் கிடையாது, தை பிறக்கணும். அதனால கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்துக்கு எல்லாரும் முட்டி மோதுவாங்க. வெளியூர்ல வேலை செய்ற பிள்ளைகளுக்கும் அப்போதான் லீவு கிடைக்கும். ஒரே நாள்ல ரெண்டு கல்யாணம் கூட வரும். ஒரு ஜோடி இறங்குறதுக்குள்ள அடுத்த ஜோடி மாலையோட வாசல்ல நிப்பாங்க.

வெயில் நாளா இருந்தா, போட்டோக்காரர் மாப்பிள்ளை பொண்ணை வெளியே மரத்தடிக்கோ கடற்கரைக்கோ கூட்டிட்டுப் போய் வேண்டிய மட்டும் எடுத்துக்குவார். மழை நாள்ல எல்லாம் கோயிலுக்குள்ள வந்துடுது. தூண் பக்கத்துல ஒரு போஸ், கொடிமரத்துப் பக்கத்துல ஒரு போஸ், சாமி சன்னதி வாசல்லயே ஒரு போஸ். குருக்கள் தீபாராதனைத் தட்டோட காத்துக்கிட்டு நிப்பார்.

வெளிச்சமும் ஒரு பிரச்சினை. தீபகற்ப மலேசியாவில் 1982 ஜனவரி 1-ஆம் தேதி கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னாடி நகர்த்தினாங்க. அதனால கார்த்திகையில நமக்குச் சூரியன் எழவே ஏழு மணி கிட்ட ஆகிடும், தையில ஏழேகாலைத் தாண்டும். ஆறு, ஆறரை முகூர்த்தம்னா கோயிலுக்குள்ள இருட்டுதான். அதான் படம் பிடிக்கிறவங்க பெரிய விளக்கைக் கொண்டு வர்றாங்க, இல்லைன்னா ரொம்பக் கிட்ட வந்து நிக்கிறாங்க. அவங்க மேல மட்டும் தப்புச் சொல்ல முடியாது.

இன்னொன்னு. ஏர்கோன் போட்ட காரிலிருந்து கேமராவை எடுத்து நேரா ஈரக்காத்து அடிக்கிற கோயிலுக்குள்ள கொண்டு வந்தா லென்ஸ் கண்ணாடியில ஆவி படிஞ்சுடும். ஒரு கல்யாணத்துல “ஐயா, ரெண்டு நிமிஷம், கண்ணாடி பனி பூத்துடுச்சு”ன்னு ஒரு தம்பி குருக்களை நிறுத்தச் சொன்னார். நல்ல நேரம் முடிய நாலு நிமிஷம்தான் இருந்துச்சு! மலாக்காவில் நான் பார்த்த ஒரே பனி அதுதான்.

“அப்போ கோயிலுக்குள்ள கேமராவே வேண்டாம்னு தடை போட்டுட வேண்டியதுதானே?”ன்னு சில பெரியவங்க கேக்குறாங்க. நானும் ஒரு காலத்துல அப்படித்தான் பேசினேன். இப்போ இல்லை. ஏன்னு சொல்றேன்.

நம்ம கோயில் முதல்ல தோட்டத்துக்குள்ள இருந்தது பலருக்குத் தெரியும். தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளை உடைச்சு, கோயிலும் இடம் மாறி வந்துச்சு. கும்பாபிஷேக மலர் போடுறப்போ பழைய கோயில் படம் ஒண்ணு வேணும்னு தேடினோம். கோயிலை மட்டும் தனியா யாரும் படம் எடுத்து வைக்கலை. கடைசியில ஒரு அம்மா, தன் கல்யாணப் படத்தைத் துணியில சுத்திக் கொண்டு வந்து குடுத்தாங்க. கறுப்பு வெள்ளைப் படம். மாலையும் கழுத்துமா ரெண்டு பேர் நிக்கிறாங்க. பின்னால தகரக் கூரை போட்ட நம்ம கோயில், பக்கத்துல கிணறு, கோட்டு போட்ட கங்காணி, இடுப்புல பிள்ளையோட பொம்பளைங்க, முன்னால மண் தரையில உட்கார்ந்த பிள்ளைங்க. மலர்ல அந்தப் படம்தான் வந்துச்சு. நம்ம கோயில் அங்கே இருந்துச்சுங்கிறதுக்கு இன்னைக்கு நம்ம கையில இருக்கிற ஒரே படம் ஒரு கல்யாணப் படம்.

அதனால கல்யாணத்துல படம் வேண்டாம்னு நான் எப்படிச் சொல்வேன்?

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அந்தக் காலத்துல பெரிய ரோல்னா 12 படம், சின்ன ரோல்னா 36 படம். ஒவ்வொண்ணுக்கும் காசு. அதனால ஒரே படத்துல எல்லாரையும் நிக்க வச்சாங்க. இப்போ ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்குல எடுக்குறாங்க. ஆனா மாப்பிள்ளை பொண்ணு முகம் மட்டும் பளிச்சுனு இருக்கு, பின்னால இருக்கிற எல்லாம் மங்கல். சித்தப்பா மங்கல், நாதஸ்வரக்காரர் மங்கல், சாமி விளக்கு கூட ஒரு மஞ்சள் புள்ளி. அழகாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா நாப்பது வருஷம் கழிச்சு ஒரு பேரப்பிள்ளை அந்த ஆல்பத்தைத் திறந்து “இது எந்தக் கோயில், இவங்க யாரு?”ன்னு கேட்டா, படத்துல பதில் இருக்காது.

கல்யாணத்துல சபை எதுக்கு? விருந்து சாப்பிட மட்டுமா? சாட்சிக்கு. அக்கினி சாட்சி, தெய்வம் சாட்சி, பெரியவங்க சாட்சி. தாலியைத் தேங்காயோட தட்டுல வச்சுச் சபையில எல்லார்கிட்டயும் கொண்டு போய்த் தொட்டு வணங்கச் சொல்றோமே, அது எதுக்கு? ஒவ்வொருத்தர் ஆசியும் அதுல சேரணும்னுதான். நம்ம நாட்டுச் சட்டமும் அதையேதான் கேக்குது. 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்துச்சு. அதன்படி முஸ்லிம் அல்லாதவங்க கல்யாணத்தைக் கண்டிப்பாப் பதிவு செய்யணும். பதிவேட்டுல மாப்பிள்ளை பொண்ணோட ரெண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போடணும். எவ்வளவு நல்ல வீடியோ இருந்தாலும் அந்தக் கையெழுத்துக்கு ஈடாகாது. சட்டத்துக்கும் கண்ணால பார்த்த மனுஷன்தான் வேணும்.

அப்படி இருக்க, படத்துக்காகச் சாட்சிகளையே மறைச்சா என்ன நியாயம்?

மத்த ஊர்லயும் இதைப் பத்தி யோசிக்கிறாங்க. 2022 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர் சுப்பிரமணிய சுவாமி கோயில் சம்பந்தமான வழக்குல, தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள்ள கைப்பேசியைத் தடை செய்யச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. 2024 செப்டம்பர்ல கேரள உயர் நீதிமன்றம் குருவாயூர் கோயில் நடைப்பந்தல்ல வீடியோ எடுக்கக் கட்டுப்பாடு போட்டப்போ, கல்யாணத்துக்கும் சமயச் சடங்குக்கும் மட்டும் விலக்குக் குடுத்துச்சு. எனக்குக் குருவாயூர் வழிதான் சரியாப் படுது. கல்யாணத்தைப் படம் எடுக்கிறது நியாயமான ஆசைன்னு அங்கே ஒத்துக்கிட்டாங்க. கோயிலை வேடிக்கைப் பொருளாக்கிக் கண்டபடி வீடியோ எடுக்கிறதைத்தான் நிறுத்தினாங்க.

நம்ம கோயிலுக்கு என் யோசனை இதுதான்.

முதல்ல நாம திருந்தணும். கோயில் தொண்டர்களைத்தான் சொல்றேன், என்னையும் சேர்த்து. மண்டபம் பதிவு பண்றப்போ வாடகை, முன்பணம், சாப்பாட்டுக் கூடம், குப்பை எல்லாம் பேசுறோம். படம் பிடிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்றதில்லை. கல்யாணத்தன்னைக்குக் காலையில நடு மண்டபத்துல “ஏய், அங்க நிக்காதே!”ன்னு கத்துறோம். அந்தத் தம்பிக்கு எப்படித் தெரியும்? நிறையப் பேர் சீனர், மலாய்க்காரப் பிள்ளைகளும் வர்றாங்க. மூலவரைப் படம் எடுக்கக் கூடாது, அர்த்தமண்டபப் படியைத் தாண்டக் கூடாதுன்னு யாரும் அவங்களுக்குச் சொன்னதே இல்லை. முதல் நாள் சாயங்காலம் பந்தல் போடுறப்பவே வரச் சொல்லி, அரை மணி நேரம் கூட நின்னு இடத்தைக் காட்டுங்க. அவங்க நம்மளை விட நல்லாக் கேட்டுக்குவாங்க.

ரெண்டாவது, மாங்கல்யதாரணத்துக்கு மணவறைக்கு நேர் முன்னால யாரும் நிக்க வேண்டாம். இடது பக்கம் ஒருத்தர், வலது பக்கம் ஒருத்தர், அவ்வளவுதான். வீடியோவைப் பின்னால உயரமான இடத்துல வச்சுக்கலாம். தூரத்துலேர்ந்து எடுக்கிற நீள லென்ஸ், கம்மி வெளிச்சத்துல எடுக்கிற லென்ஸ் எல்லாம் இப்போ வந்தாச்சு. விளக்கை ஆடாம ஒரு ஓரத்துல நிறுத்தி வச்சா குருக்கள் கண்ணையும் கூசாது. கேமராவை அரை மணி நேரம் முன்னாடியே காரிலிருந்து இறக்கி, பையோட மண்டபத்துல வச்சுட்டா கண்ணாடியும் பூக்காது.

மூணாவது சொந்தக்காரங்களுக்கு. அந்த மூணு நிமிஷம் போனை மடியில வைங்க. காசு குடுத்து நாலு பேரை வச்சிருக்கீங்க, அவங்க எடுப்பாங்க. உங்க கை அட்சதை போடணும். போனும் அட்சதையும் ஒரே நேரத்துல கையில நிக்காது.

நாலாவது, மழை நாள்ல போஸ் படத்துக்குச் சாப்பாட்டுக் கூடத்துல ஒரு மூலையை ஒதுக்கிக் குடுக்கலாம். வாழைமரம், கோலம், குத்துவிளக்கு வச்சு நாங்களே அலங்காரம் பண்ணித் தர்றோம். சன்னதி வாசல் அடுத்த பக்தருக்கு வேணும்.

அஞ்சாவதுதான் எனக்கு முக்கியம். மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்காரங்க படம் பிடிக்கிறவர்கிட்ட ஒரு சின்ன பட்டியல் குடுங்க. பாட்டி, தாத்தா, தாய்மாமன், தோட்டத்துலேர்ந்து வந்த பழைய பக்கத்து வீட்டுக்காரங்க. “இவங்க முகம் ஒரு படத்துலயாவது தெளிவா வேணும்”னு சொல்லிடுங்க. எல்லாரும் நிக்கிற மாதிரி, பின்னால கோயில் தெரியற மாதிரி, மங்கல் இல்லாம ஒரே ஒரு படம். பழைய காலத்துப் படம் மாதிரி.

“எங்க கல்யாணம், எங்க காசு, நீங்க யாரு சொல்ல?”ன்னு ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: கல்யாணம் உங்களுது தம்பி, மறுக்கலை. ஆனா மண்டபத்துல மட்டும் பண்ணாம ஏன் கோயிலுக்கு வந்தீங்க? சாமி முன்னால, ஊர் முன்னால நடக்கணும்னுதானே? ஊருக்குத் தெரியலைன்னா அந்த ஆசையே நிறைவேறலையே.

இந்தத் தையில ஒரு கல்யாணத்துல இதைச் சொல்லிப் பார்த்தோம். வந்தவர் சின்ன வயசுச் சீனத் தம்பி. முதல் நாளே வந்து இடம் பார்த்தார். கெட்டிமேளம் கொட்டினப்போ முன்னால வரவே இல்லை. சபைக்குப் பின்னால ஒரு ஸ்டூல் மேல ஏறி நின்னு எடுத்தார். அந்தப் படத்தை எனக்கும் அனுப்பியிருந்தார். மாப்பிள்ளை பொண்ணு சின்னதாத்தான் தெரியறாங்க. முன்னால முழுக்கக் கை, வளையல் போட்ட கை, சுருக்கம் விழுந்த கை, சின்னப் பிள்ளைங்க கை, காத்துல அட்சதை. பொண்ணு வீட்டுல அதைத்தான் பெரிசாக்கி மாட்டியிருக்காங்க.

இந்தக் கார்த்திகையில நான் அதே முன் வரிசையில நாற்காலி போடுவேன். அதுல உட்காருற பாட்டி யாரும் என்கிட்ட “கட்டியாச்சாப்பா?”ன்னு கேக்கக் கூடாது. அவங்களே பார்க்கணும்.

எழுதினதுல தப்பு இருந்தா மன்னிச்சுக்குங்க. கல்யாணம் வச்சிருக்கிற சொந்தக்காரங்களுக்கு இதை அனுப்பி விடுங்க. முதல் நாள் இடம் காட்ட ஆள் வேணும்னா கோயில்ல சொல்லுங்க, நான் வர்றேன். மழை பெய்யும், குடை கொண்டு வாங்க.